ஆனைமடைக்கு வந்த நேர்காணல்கள்

ஆனைமடை கிளை நூலகத்துக்குப் பல வருஷங்களாகப் புதுப் புத்தகமே வராமல், இருக்கிற புத்தகங்களைக் கறையானும் ஊர்க்காரர்களும் சண்டையில்லாமல் பங்கிட்டுக்கொண்டு, கறையான் உள்ளே போய்ப் படிக்க ஊர்க்காரர்கள் அட்டையோடு நிறுத்திக்கொள்ள, அப்படியே காலம் போய்க்கொண்டிருந்தபோது, ஓர் ஆனி மாதத்துக் காற்றில் லாரி நிறையச் சாக்குக்கட்டுகள் வந்து இறங்கின. கூடவே ஒரு சுற்றறிக்கையும் வந்தது. நூலகர் பட்டுராஜன், மேலிடத்திலிருந்து வருகிற எதையும் நின்றுகொண்டே படிக்கிறவர், அதையும் நின்றுகொண்டே சத்தமாகப் படித்தார். 'வாசிப்புப் பழக்கத்தை வளர்க்கும் பொருட்டு, இவ்வாண்டு புதிய நூல்களுடன் ஆசிரியர் நேர்காணல்களும் இணைத்து அனுப்பப்படுகின்றன. கிளை நூலகர்கள் இவற்றைப் பழுதின்றிப் பராமரிக்க வேண்டும்.'

நேர்காணல் என்றால் கேசட்டு மாதிரி ஏதோ இருக்கும் என்று நினைத்துக்கொண்டு பட்டுராஜன் முதல் கட்டின் சணலை அறுத்தார். உள்ளேயிருந்து ஒரு கவிஞர் எழுந்தார். ஜிப்பாவில் ஒட்டியிருந்த நாரைத் தட்டிவிட்டு, புத்தகத்தின் பின்னட்டையில் இருப்பது போலவே இடது கையை மோவாயில் வைத்துக்கொண்டு, "கேளுங்கள்" என்றார். அடுத்த கட்டை அறுத்தால் ஒரு சிறுகதையாசிரியர் தும்மிக்கொண்டே எழுந்தார். அதற்கடுத்த கட்டில் இரண்டு கட்டுரையாளர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தார்கள்; அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லையாம். சாயங்காலத்துக்குள் நூலகம் நிறைந்து, வராந்தா நிறைந்து, வேப்பமரத்தடியும் நிறைந்தது.

இத்தனை பேர் சாக்குக்குள் எப்படி இருந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. தினமும் தென்காசி மினிபஸ்ஸில் போய் வருகிற ஊர் அது. அடைத்தால் எதுவும் அடங்கும் என்று அவர்களுக்குத் தெரியும். ஊர் கேட்டது வேறு கேள்வி. இவர்களெல்லாம் எதில் உட்காருவார்கள்?

அதற்காகத்தான் ஆவுடையம்மாளைக் கூப்பிட்டார்கள். கல்யாண வீடு, காதுகுத்து, சாவு விழுந்த துட்டி வீடு எதற்கும் பாத்திரமும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிற கடை அவளுடையது. ஐம்பது தாண்டிய, கனத்த குரல்காரி. புருஷன் இருந்தவரை அவரோடு சண்டை போட்டாள். அவர் போன பிறகு அவளை எதிர்த்துப் பேச வீட்டில் ஆளில்லை, ஊரில் தைரியமில்லை. டிராக்டரில் நாற்காலிகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, எழுத்தாளர்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இவிய எத்தனை நாளைக்கு?" என்று கேட்டாள்.

"சுற்றறிக்கையில அதைச் சொல்லலியே அக்கா" என்றார் பட்டுராஜன்.

"சாப்பாடு?"

"பராமரிக்கணும்னுதான் போட்டிருக்கு."

பட்டுராஜன் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். எழுத்தாளர்கள் கொள்முதல் பட்டியலில் இல்லாததால் அவர்களை இருப்பில் ஏற்ற முடியாது என்றும், இருப்பில் இல்லாததால் திருப்பி அனுப்பவும் முடியாது என்றும் பதில் வந்தது. அதோடு மேலிடம் தன் கடமையை முடித்துக்கொண்டது.

மறுநாள் காலையில், வழக்கம்போலப் பேப்பர் பார்க்க வந்த ஓய்வுபெற்ற போஸ்ட்மேன் ஒருவர், ஓரத்து நாற்காலியில் இருந்தவரிடம், "வே, அந்தப் பேப்பரைக் கொஞ்சம் தாரும்" என்றார். "நல்ல கேள்வி" என்று ஆரம்பித்த அந்தச் சிறுகதையாசிரியர், தன் இளமைப் பருவம், தன்னைப் புரிந்துகொள்ளாத தகப்பனார், தன்னைப் புரிந்துகொண்ட பக்கத்து வீட்டுப் பெண், தன் மொழிநடையில் படிந்த மழை, சமகாலத்தவர்களின் பொறாமை என்று மதியம் வரை பேசினார். போஸ்ட்மேன் பேப்பர் படிக்காமலே சாப்பிடப் போனார். அன்றிலிருந்து நூலகத்தில் யாரும் எதையும் கேட்கப் பயந்தார்கள். கேட்காவிட்டாலும் அவர்கள் பதில் சொன்னார்கள்.

ஆனால் எதையும் வீணாக்குகிற ஊர் இல்லை ஆனைமடை. வீட்டுக்கு ஒருவராக எழுத்தாளர்களைப் பகிர்ந்துகொண்ட பிறகு, அவர்களால் என்னென்ன உபயோகம் என்று மெல்ல மெல்லக் கண்டுபிடித்தார்கள். கல்யாண மண்டபத்தில் பந்தி தாமதமானால் மாப்பிள்ளை வீட்டார் நடுவில் ஒரு நாவலாசிரியரை உட்கார வைத்தார்கள். கோபப்பட வந்தவர்கள் களைத்துப்போய் உட்கார்ந்தார்கள். பல் டாக்டர் ஒரு விமர்சகரை வாங்கி வைத்துக்கொண்டார். அவர் பேசத் தொடங்கினதும் வாய் தானாகத் திறந்துகொண்டது, வலியும் தெரியவில்லை. விருந்துக்கு வந்து வாரக்கணக்காய்ப் போகாமல் இருந்த சொந்தக்காரர்களிடம், "எங்க எழுத்தாளர்கிட்ட நாலு வார்த்தை பேசிட்டிருங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரர்கள் அடுக்களைக்குள் போனார்கள். திரும்பி வந்து பார்த்தால் சொந்தக்காரர்கள் பெட்டியோடு பஸ் ஸ்டாண்டில் நின்றார்கள்.

பெருமையும் வந்தது. "எங்க வீட்டாளு பரிசு வாங்கினவரு" என்று ஒருத்தி சொன்னால், "எங்க வீட்டாளு பரிசு வேண்டாம்னு சொன்னவரு, அதுக்குப் பிறகு அதைப் பத்தித்தான் பேசுதாரு" என்று இன்னொருத்தி சொன்னாள். பெண் விடுதலைக்காக அலமாரி நிறைய எழுதியவர் ஒருவர், ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு அடுக்களை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அந்த வீட்டம்மாளிடம் அடுப்படி அடிமைத்தனத்தைப் பற்றி மனமுருகச் சொன்னார். நடுநடுவே இன்னொரு தோசை கேட்டார். இயற்கை உணவைப் பற்றி எழுதியவர் புரோட்டாக் கடையை விட்டு நகரவில்லை. முன்னேறுவது எப்படி என்று எழுதியவருக்குக் கடைசி வரை எந்த வீட்டிலும் திண்ணைகூடக் கிடைக்கவில்லை. முதலில் எழுந்து வந்த கவிஞர் மோனதாசன், மௌனத்தைப் பற்றி மெல்லிய புத்தகம் போட்டவர், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து விடிந்ததிலிருந்து கடை அடைக்கிற வரை பேசினார்.

புத்தகங்கள் மட்டும் நூலகத்தில் அப்படியே இருந்தன. ஆளே கையில் இருக்கும்போது புத்தகம் எதற்கு என்று ஊர் நினைத்தது. எழுத்தாளர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

இப்படி ஐப்பசி வரைக்கும் போயிற்று. அடைமழையில் ஒரு நாள், ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் சுகந்தி, வராத பஸ்ஸுக்காக நூலக வராந்தாவில் ஒதுங்கினவள், செல்போனில் சார்ஜ் இல்லாமல் போய், வேறு வழியில்லாமல் மோனதாசனின் கவிதைப் புத்தகத்தை எடுத்தாள். மெல்லிய புத்தகம்தானே, பஸ் வருவதற்குள் படித்து முடித்தாள். அவள் அட்டையை மூடிய அதே நேரத்தில், எதிரே டீக்கடையில், "சொல்லாததே கவிதை, ஆகவே நான் சொல்வது என்னவென்றால்" என்று சொல்லிக்கொண்டிருந்த மோனதாசன் இல்லாமல் போனார். கையிலிருந்த கண்ணாடி டம்ளர் விழுந்து உடைந்தது. டீக்கடையில் வெகுகாலத்துக்குப் பிறகு மழைச் சத்தம் கேட்டது.

சுகந்தி புத்தகத்தை முடித்ததும் கவிஞர் மறைந்ததும் ஒரே நேரம் என்பது ராத்திரிக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துபோயிற்று. மறுநாள் நூலகம் திறக்கிறதற்கு முன்பே வாசலில் கூட்டம் நின்றது. ஸ்டேஷன் மாஸ்டர் சம்சாரம் முதல் ஆளாக நின்றாள். தோசைக்கரண்டியைப் பிடித்த கையால் பெண் விடுதலைப் புத்தகத்தை வாங்கினவள், அடுப்பே பற்ற வைக்காமல், புருஷனுக்கும் பிள்ளைகளுக்கும் ஓட்டலைக் கைகாட்டிவிட்டு, விடாமல் படித்து முடித்தாள். கடைசி வரியில் அடுக்களை வாசல் காலியாயிற்று. "எழுதினதெல்லாம் சரியாத்தான் எழுதியிருக்காரு" என்று அவள் பிறகு தண்ணீர்க் குழாயடியில் சொன்னாள். "அதைப் படிச்ச பெறகுதான் அவரு போனா நல்லதுன்னு இன்னும் உறுதியாச்சு."

ஆனைமடை படித்தது. எழுத்துக் கூட்டிப் படித்தது, திட்டிக்கொண்டே படித்தது, நாலு பேர் வட்டமாய் உட்கார்ந்து ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டுப் படித்தது. தாலுகாவிலேயே அதிகமாகப் புத்தகம் வெளியே போகும் நூலகம் என்று மேலிடம் பட்டுராஜனைப் பாராட்டி, நேர்காணல் திட்டத்தின் மாபெரும் வெற்றி என்று அறிக்கை விட்டது.

விஷயம் எழுத்தாளர்களுக்குத் தெரிந்தபோது அவர்கள் பதறிப்போனார்கள். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு கட்டுரையாளர்களும் அன்றைக்குத்தான் கைகோத்துக்கொண்டு, வேப்பமரத்தடியில் கூட்டம் போட்டு, வாசிப்பு இலக்கியத்துக்கு எதிரானது என்று தீர்மானம் நிறைவேற்றினார்கள். அதன் பிறகு ஒவ்வொருவரும் தன் புத்தகத்தைத் தானே திருடினார். ஒருவர் நெல்குதிருக்குள் ஒளித்தார். ஒருவர், "என் புத்தகத்தை மட்டும் படிச்சுராதீங்க, மோசமான எழுத்து" என்று வீடு வீடாய்ப் போய்ச் சொன்னார். சொல்லிவிட்டு, "ஏன் மோசம்னு கேளுங்களேன்" என்றார். இயற்கை உணவுக்காரர் தன் புத்தகத்தின் கடைசித் தாளைக் கிழித்து மென்று விழுங்கினார். ஆனைமடைக்கு வந்ததிலிருந்து அவர் சாப்பிட்ட சமைக்காத பண்டம் அது ஒன்றுதான். ஆனாலும் ஊர் விடவில்லை. நெல்குதிரைக் கவிழ்த்தார்கள், கடைசித் தாள் இல்லாத புத்தகத்துக்குப் பக்கத்து ஊர் நூலகத்திலிருந்து இன்னொரு பிரதி வரவழைத்தார்கள். தை பிறக்கும்போது ஒரே ஒரு எழுத்தாளர்தான் மிஞ்சியிருந்தார்.

அவர் பெயர் குருபாதம். அறுபதைத் தாண்டிய, தேய்ந்த செருப்புப் போட்ட, செங்கல் தடிமனுக்கு ஒரே ஒரு நாவல் எழுதிய மனிதர். பின்னட்டையில் படமில்லை, பரிசு எதுவும் இல்லை. அதனால் எந்த வீட்டிலும் அவரை எடுக்கவில்லை. ஆவுடையம்மாள்தான், "அண்டா வைக்கிற அறையில ஒரு மூலையில கெடக்கட்டும்" என்று கூட்டிப்போயிருந்தாள். அவர் பேசவே இல்லை. மற்றவர்கள் புத்தகத்தைத் திருடி ஒளித்த நாட்களில், குருபாதம் மட்டும் தன் புத்தகத்தை நூலகத்திலிருந்து எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தார்.

"படிச்சுருங்கம்மா."

"படிச்சா நீரு போயிருவீரே!"

"போனாப் போறேன். படிக்கத்தானே எழுதினது? பதினொரு வருஷம் எழுதினேன். இதுவரைக்கும் ஒருத்தர்கூட முழுசாப் படிச்சதில்லை, அச்சுக்கோத்தவர் உட்பட. ஒளிவுமறைவில்லாம நல்லாயிருக்கு, இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லணும். அதைக் கேட்டுட்டுப் போறேன்."

"முடிச்ச பெறகு எங்கிட்டு நின்னு கேப்பீரு?"

அதை அவர் யோசித்திருக்கவில்லை. முகம் வாடிப்போயிற்று. ஆவுடையம்மாளுக்கு அதைப் பார்க்க என்னவோ போலிருந்தது. "சரி, கடைசிப் பக்கத்தை மட்டும் விட்டுட்டு மிச்சத்தைப் படிக்கேன். அதுவரைக்கும் உள்ளதைச் சொல்லுதேன்" என்றாள்.

பாத்திரம் எண்ணி வைக்கிற நேரம் போக, மதியத்தில் கடைவாசலில் உட்கார்ந்து அவள் படித்தாள். கதை, உப்பளத்தில் வேலை பார்க்கிற செல்வம் என்பவனையும் அவனை ஓயாமல் திட்டுகிற அவன் பெண்டாட்டி சுடலிக்கண்ணுவையும் பற்றியது. ஆவுடையம்மாள் சில இடத்தில் சிரித்தாள், சில இடத்தில் கொட்டாவி விட்டாள். குருபாதம் அண்டாக்களுக்குப் பின்னாலிருந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதிப் புத்தகத்துக்கு மேலே போனபோது படீரென்று மூடிவிட்டு உள்ளே வந்தாள்.

"அவளை எதுக்குவே கொன்னீரு?"

"யாரை?"

"சுடலிக்கண்ணுவை! நல்லாத் திட்டிக்கிட்டுக் கெடந்தவளுக்குத் திடீர்னு காய்ச்சல் வந்து ரெண்டு பக்கத்துல செத்துப்போறா. அவ இருந்தா உம்ம செல்வத்தால வாயத் தொறக்க முடியாது, அதான? அவன் பெரிய மனுஷன் மாதிரிப் பேசணும்னு அவளைத் தூக்கிட்டீரு."

"அது காலத்தோட தேவைம்மா."

"காலத்துக்கு என்னவே தேவை? உமக்குத்தான் அவளை வச்சுக் கதையை நடத்தத் தெரியலை."

குருபாதம் அன்று சாப்பிடவில்லை. மறுநாள், அவளுக்கு வாசிக்கத் தெரியவில்லை என்றார். அவள், அவருக்குச் சோறு வடிக்கத் தெரியவில்லை என்றும் அதனால் எழுதவும் வராது என்றும் சொன்னாள். அவர் வடித்துக் காட்டினார், குழைந்துவிட்டது. இப்படி ஆரம்பித்த சண்டை, அத்தியாயம் அத்தியாயமாக, வாரம் வாரமாக வளர்ந்தது. பக்கத்து வீட்டுச் செல்லக்கனி மதில்மேல் கையை ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆவுடையம்மாள் மூக்குத்தியை மாற்றிப் போட்டுக்கொண்டாள். ஊருக்குப் போகிற நாற்காலிகளில் எண்ணிக்கை தப்பிற்று. கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் ஒரு கோழி இறகை வைத்துவிட்டு, "இன்னும் படிக்கலை, திரும்ப முதல்லேருந்து ஒரு தடவை பாக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பட்டுராஜன் இரண்டு தடவை வந்து கெஞ்சினார். "அக்கா, எல்லா ஊர்லயும் முடிஞ்சிருச்சு. இந்த ஒருத்தர்தான் பாக்கி. ஒரு பக்கம்தானே? கண்ணை மூடிக்கிட்டுப் படிச்சிருங்களேன்."

"கண்ணை மூடிக்கிட்டுப் படிச்சுப் படிச்சுத்தான் நீரு நூலகரானீரு. போம்" என்றாள்.

அப்புறம் மாசியில் டி.வி.க்காரர்கள் வந்தார்கள். மிஞ்சியிருக்கும் ஒரே எழுத்தாளர் என்று எங்கேயோ செய்தி போயிருந்தது. நூலக வாசலில் விளக்கும் குடையும் வைத்தார்கள். உட்கார நாற்காலி கேட்டு ஆவுடையம்மாளுக்கே ஆள் அனுப்பினார்கள். அவள் இருப்பதிலேயே நல்ல நாற்காலியை, மாப்பிள்ளைக்குப் போடுகிற சிவப்பு வெல்வெட் நாற்காலியை எடுத்துவந்து போட்டாள். குருபாதத்தின் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக் கொடுத்திருந்தாள். புத்தகத்தையும் கையோடு கொண்டுவந்தாள், காட்டச் சொன்னால் காட்ட வேண்டுமே என்று. யாரும் காட்டச் சொல்லவில்லை.

முகத்தில் பவுடர் பூசினார்கள். விளக்கைப் போட்டார்கள். கேள்வி கேட்கிற பெண், "ஐயா, உங்க எழுத்துப் பயணத்தைப் பத்திச் சொல்லுங்க" என்றாள். குருபாதத்தின் இடது கை மெல்ல எழும்பி மோவாயில் போய் உட்கார்ந்தது. அதைப் பார்த்ததுமே ஆவுடையம்மாள் புத்தகத்தில் கோழி இறகு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"நல்ல கேள்வி" என்றார் குருபாதம்.

அதற்குப் பிறகு இளமைப் பருவம் வந்தது. புரிந்துகொள்ளாத தகப்பனார் வந்தார். அதுவரை ஒரு நாளும் அவர் சொல்லியிராத மழை ஒன்று வந்து மொழிநடையில் படிந்தது. கூட்டம் கைதட்டியது. அந்தப் பெண், வாசகர்கள் அவரை எப்படி எதிர்கொள்கிறார்கள் என்று கேட்டாள்.

குருபாதம் சிரித்தார். "இங்கே எனக்கு வாய்த்தவர் வாடகைப் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணி. கதாநாயகனின் மனைவியை ஏன் கொன்றாய் என்று வாரக்கணக்காகச் சண்டை போடுகிறார். பாவம், அவருக்குக் கதை என்றால் ஆள் சாகாமல் இருக்க வேண்டும். தீவிர இலக்கியத்துக்கு வாசகருக்கும் ஒரு பயிற்சி தேவைப்படுகிறது. அண்டாவை அளக்கிற படியால் கடலை அளக்க முடியுமா?"

கூட்டம் சிரித்தது. ஆனைமடைக்காரர்கள் பாதிச் சிரிப்பில் நிறுத்திக்கொண்டு ஆவுடையம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள்.  அவள் கோழி இறகை எடுத்துக் கீழே போட்டாள். புத்தகத்தைப் பிரித்து, நின்ற இடத்திலேயே, உதடு அசைய அசைய, கடைசிப் பக்கத்தைப் படித்தாள்.

"ஆகவே இன்றைய சூழலில் என் நாவலின் இடம்" என்று சொல்லிக்கொண்டிருந்த குருபாதம் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. வெல்வெட் நாற்காலியில் கொஞ்சம் பவுடர் மட்டும் கிடந்தது.

ஆனால் ஆவுடையம்மாள் நாற்காலியைப் பார்க்கவே இல்லை. அவள் கண் இன்னும் புத்தகத்திலேயே இருந்தது. அந்தப் பக்கத்தில், செல்வம் உப்பளத்திலிருந்து வீட்டுக்கு வந்து, கால் கழுவி, குழைந்த சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு உட்காருகிறான். திட்டுவதற்கு ஆளில்லாத வீட்டில் சோறு இறங்கவில்லை. எழுந்து நின்று, சுடலிக்கண்ணு திட்டுகிற மாதிரியே, அவள் குரலிலேயே தன்னைத் தானே திட்டுகிறான். திட்டி முடித்துவிட்டுச் சாப்பிடுகிறான். அதோடு கதை முடிகிறது. பெரிய மனுஷப் பேச்சு எதுவும் அவன் பேசவில்லை.

"அட" என்றாள் ஆவுடையம்மாள். சொல்லிவிட்டுச் சட்டென்று நிமிர்ந்து நாற்காலியைப் பார்த்தாள். "வே..." என்று கூப்பிட்டாள். அந்தப் பவுடரும் காற்றில் பறந்துவிட்டிருந்தது.

டி.வி.ப் பெண் வந்த காரியம் கெட்டுவிட்ட எரிச்சலில் மைக்கை அவள் பக்கம் நீட்டி, "நீங்க ஏதாவது சொல்ல விரும்புறீங்களாம்மா?" என்றாள்.

"நல்லா முடிச்சிருக்காரு" என்றாள் ஆவுடையம்மாள்.  "நான் தப்பா நெனச்சிட்டேன். அவளைக் கொன்னது வாயடைக்க இல்லை, வேற ஒண்ணுக்கு. நடுவுல இழுவைதான், அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், ஆனா முடிச்சது சரியா முடிச்சிருக்காரு. இதை அவருகிட்ட யாராவது..." அவள் சொல்லிக்கொண்டே போனாள். உப்பளத்தைப் பற்றிச் சொன்னாள், செல்வத்தின் கால் வெடிப்பைப் பற்றிச் சொன்னாள், அவர் சார்பில் அவரே சொல்லியிராத நியாயங்களையெல்லாம் சொன்னாள். காமிராக்காரர் விளக்கை அணைத்து வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். எழுத்தாளரே இல்லாமல் போனபின் புத்தகத்தைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள் என்று, அந்த நிகழ்ச்சிக்குப் பதிலாக அன்றைக்குச் சமையல் நிகழ்ச்சி போட்டார்கள்.

பட்டுராஜன் புத்தகத்தைத் திருப்பிக் கேட்டு வந்தபோது அவள் கொடுக்கவில்லை. சில நாள் கழித்து, மத்தியான வெயிலில், ஆவுடையம்மாளின் கடைக்குள்ளிருந்து பழையபடி சத்தம் கேட்டது. "அடப்பாவி, இந்த இடத்துல எதுக்கு இம்புட்டு இழுக்கீரு? கெணத்தைப் பத்தி நாலு பக்கமா?" பிறகு கொஞ்ச நேரம் சிரிப்பு. பிறகு மூக்கைச் சிந்துகிற சத்தம்.

செல்லக்கனி மதில்மேல் எட்டிப் பார்த்து, "மைனி, அவரு திரும்ப வந்துட்டாரா?" என்று கேட்டாள்.

"வரலை" என்றாள் ஆவுடையம்மாள், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல். "வரவும் வேண்டாம். இருந்த வரைக்கும் ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பேசிக்கிட்டே இருந்தோம். இப்பத்தான் அந்த மனுஷன் என்ன சொல்லுதாருன்னு காது கொடுத்துக் கேட்டுக்கிட்டிருக்கேன். நீ போய் உன் வேலையப் பாரு."